ஓட்டுப் போடுவது வேறு, ஓட்டுக் கேட்பது வேறு

கேள்வி (2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு வந்தது):

"வக்கீல் சாருக்கு வணக்கமுங்க. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில நான் லேத் ஆபரேட்டர். அப்பா மத்திய அரசோட என்டிசி மில்லில் வேலை பார்த்தவர், கடைசி வரைக்கும் செங்கொடிச் சங்கம். எனக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது, ஆனா ஓட்டு மாத்திப் போட்டதும் கிடையாது. இந்தத் தடவை மனசு ஒப்பலைங்க. அஞ்சு வருசமா நம்ம எம்.பி. இருந்த கோயமுத்தூரை திமுகவுக்குக் குடுத்துட்டு திண்டுக்கல்லை வாங்கிக்கிட்டாங்க. போன வருசம் 12 மணி நேர வேலைக்குச் சட்டம் கொண்டுவந்த கட்சிக்கு இப்ப நாங்க ஓட்டுக் கேட்கோணும். லாட்டரிக் கம்பெனிகிட்ட 509 கோடி வாங்கினதும் அவங்கதான். வயநாட்டுல ராகுலை எதிர்த்து நிக்கிறோம், இங்க கை சின்னத்துக்கும் சேர்த்து ஓட்டுக் கேட்கறோம். 'உங்க ஆளுகளுக்கு 25 கோடி குடுத்தாங்களாமே'ன்னு பட்டறையில சிரிக்கிறாங்க. பூத் கமிட்டிக் கூட்டத்துல கேட்டா, 'தோழர், கேள்வி எல்லாம் 19-ந் தேதிக்கு அப்புறம் பேசிக்கலாம்'ங்கறாங்க. என் பொண்ணுக்கு இது முதல் ஓட்டு. அவ நோட்டாதாங்கறா. நானும் நோட்டாவுக்கே போட்டுடலாமா, இல்ல வீட்டிலேயே இருந்துக்கலாமா? நோட்டா அதிகமா விழுந்தா மறுதேர்தல்னு சொல்றாங்களே, நிஜமுங்களா?"

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் சுலபமான பகுதி அதுதான். நாடாளுமன்றத் தேர்தலிலும் சட்டமன்றத் தேர்தலிலும் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் மறுதேர்தல் கிடையாது. பத்து லட்சம் ஓட்டில் ஒன்பது லட்சம் நோட்டாவுக்குப் போனாலும் மிச்சத்தில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் எம்.பி. டெபாசிட் போவதற்கான ஆறில் ஒரு பங்குக் கணக்கில்கூட நோட்டாவைச் சேர்ப்பதில்லை. 2018-ல் மகாராஷ்டிரத்திலும் ஹரியானாவிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் மாநிலத் தேர்தல் ஆணையங்கள் வேறு விதி வகுத்தன. அந்தச் செய்திதான் இன்றைக்கு வரைக்கும் வாட்ஸ்அப்பில் தலைப்பு மாறி மாறிச் சுற்றுகிறது.

நோட்டா வந்தது ரகசியத்துக்காக. முன்பெல்லாம் யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல வேண்டுமானால் 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகள் அத்தனை பேருக்கும் நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அவஸ்தைக்கு முடிவு கட்டியது. அதற்கு மேல் அந்தப் பொத்தானுக்கு அதிகாரம் எதுவும் தரவில்லை.

2019-ல் சிதம்பரத்தில் திருமாவளவன் ஜெயித்தது 3,219 ஓட்டில். அதே தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தது 15,000-க்கும் மேல். அத்தனை பேருக்கும் யார் மேல் கோபம், எதற்காகக் கோபம் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் ஐந்து காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. நோட்டாவை அழுத்தினால் அந்த ஐந்தும் அழிந்து ஒரு எண் மட்டும்தான் மிஞ்சும். வீட்டில் உட்கார்ந்தால் அந்த எண்கூட மிஞ்சாது. நோட்டாவுக்குப் போகக்கூடாது என்று நான் தடுக்கவில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் கோபம் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் இது வழியில்லை.

இனி தொகுதி விஷயம். உங்களுக்கு வலிப்பது எனக்குப் புரிகிறது, கோவை என்பது இடதுசாரிகளுக்கு வெறும் ஒரு தொகுதி இல்லை. பார்வதி கிருஷ்ணன் 1957-ல் ஜெயித்த இடம், 1967-ல் கே. ரமணி, பிறகு பாலதண்டாயுதம், 2004-ல் சுப்பராயன், 2009-லும் 2019-லும் பி.ஆர். நடராஜன். சின்னியம்பாளையத்துத் தொழிலாளிகள் நான்கு பேர் 1946 ஜனவரி 8-ல் தூக்கு மேடை ஏறியதும் இந்த ஊர் மில் தொழிலாளர் போராட்டத்தில்தான். அதை ஒரு மேஜையில் உட்கார்ந்து திண்டுக்கல்லுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றால் அப்பா காலத்துக் கொடியைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

ஆனால் அந்த மேஜையில் இருந்த ஒரு கணக்கை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கட்சிக்கு மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைக்கப் பல வழிகள் உண்டு. அதில் ஒன்று, அந்த மாநிலத்துக்குரிய மக்களவை இடங்களில் 25-க்கு ஒன்று வீதம் ஜெயிப்பது, மிச்சம் இருந்தால் அதற்கும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள், ஆகவே இரண்டு எம்.பி. வேண்டும். மார்க்சிஸ்ட் கட்சிக்கு மதுரை, திண்டுக்கல். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் திருப்பூர், நாகப்பட்டினம். ஆளுக்கு இரண்டு. 2023 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தேசியக் கட்சி அங்கீகாரத்தை இழந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இந்த இரண்டு என்ற எண் கௌரவப் பிரச்சினையாக இல்லை, கதிர் அரிவாளும் சுத்தியல் அரிவாள் நட்சத்திரமும் அடுத்த தேர்தலிலும் சின்னமாக இருக்குமா என்ற பிரச்சினையாகிவிட்டது. எந்த இரண்டில் ஜெயிப்பது நிச்சயம் என்று பார்த்திருக்கிறார்கள். அண்ணாமலை நிற்கும் கோவையில் தானே நேராக மோத வேண்டும் என்று திமுக நினைத்திருக்கிறது. இரண்டு தரப்புக்கும் லாபம், நஷ்டம் உங்கள் மனதுக்கு.

இதைச் சொல்வது அந்த முடிவு சரி என்று வாதாட இல்லை. அறிவாலயத்திலும் கட்சி அலுவலகத்திலும் தெரிந்த கணக்கு சிங்காநல்லூர் பூத் கமிட்டிக்குத் தெரியவில்லை என்றால் குற்றம் உங்களுடையது இல்லை. கொடி கட்டவும் ஸ்லிப் கொடுக்கவும் ஆள் வேண்டும், விளக்கம் சொல்ல மட்டும் நேரமில்லை என்பது என்ன நியாயம்?

தனியாக நின்றால் என்ன என்று கேட்பீர்கள். 2014-ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தமிழ்நாட்டில் தனியாக நின்றார்கள், ஆளுக்கு ஒன்பது தொகுதி. ஒன்றிலும் வெல்லவில்லை. கோவையில் அப்போது சிட்டிங் எம்.பி.யாக இருந்த நடராஜனே டெபாசிட் இழந்தார். இரண்டு வருடம் கழித்து மக்கள் நலக் கூட்டணி என்று ஒன்று கட்டினார்கள். அதுவும் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. மறுபக்கம், கூட்டணி சுத்தமாக இருந்த காலம் என்று ஒன்றும் இல்லை. 1967-ல் ரமணி ஜெயித்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. கம்யூனிஸ்டுகளே முதல் எதிரி என்று சொன்ன அதே ராஜாஜி. உங்கள் அப்பாவும் அவர் வயதுத் தோழர்களும் அப்போதும் முகம் சுளித்துக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டிருப்பார்கள். 2009-ல் நடராஜன் முதல் தடவை ஜெயித்தது அதிமுக கூட்டணியில், திமுகவையும் காங்கிரசையும் திட்டி ஓட்டுக் கேட்டு. பத்து வருடத்தில் மேடை அப்படியே திரும்பியது. அதனால் 'நாங்கள் கொள்கைக் கூட்டணி' என்று மைக்கில் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 12 மணி நேரச் சட்டம். இருபத்தைந்து வருடமாகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்து மொத்தமே நான்கு எம்.எல்.ஏ. வெளிநடப்பால் மசோதா நிற்கவில்லை, குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. நிறுத்தியது அதற்குப் பிறகு நடந்தது. சங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசின, மே 12 வேலை நிறுத்தம் என்று தேதி குறித்தன. ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொமுசவாலும் அந்தச் சட்டத்தை ஆதரிக்க முடியவில்லை. ஏப்ரல் 24-ல் நிறுத்திவைப்பு என்றார்கள். மே 1-ம் தேதி சென்னை மே தினப் பூங்காவில் முதல்வரே வாபஸ் என்று அறிவித்தார். அவையில் நிறைவேறி பத்து நாளில் ஒரு சட்டம் செத்துப்போனது, இடையில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

அந்தப் பத்து நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். உங்கள் பம்ப்செட் கம்பெனியில் சங்கம் இருக்கிறதா? சந்தா கட்டுகிறீர்களா? கடிதத்தில் அப்பாவின் சங்கம் வருகிறது, உங்கள் சங்கம் வரவில்லை. கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு வேலை சின்னச் சின்னப் பட்டறைக்கும் ஜாப் ஆர்டருக்கும் ஃபவுண்டரிக்கும் போய்விட்டது. அங்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். செங்கொடி மில் வாசலிலேயே நின்றுவிட்டது. கூட்டணியில் எத்தனை சீட் வாங்கினார்கள் என்பதைவிட இதுதான் இடதுசாரிகளின் பெரிய சறுக்கல் என்பது என் அபிப்பிராயம். சங்கத்தில் ஆள் குறைந்தால் சீட் பேச்சில் குரல் குறையும், அதற்கு எந்தத் தலைவரைத் திட்டியும் பயனில்லை.

இன்னொன்று. 12 மணி நேரச் சட்டம் மாநில அரசின் காரியம். இப்போது நடப்பது நாடாளுமன்றத் தேர்தல். அந்தக் கணக்கைத் தீர்க்க 2026 சட்டமன்றத் தேர்தல் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். இப்போது ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம், அது உதயசூரியனோ இரட்டை இலையோ தாமரையோ, இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 29 சட்டங்களைச் சுருட்டி நாலாக்கி, அதில் மூன்றை 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தபோது மாநிலங்களவையில் நிறைவேற்றினார்கள். 2024 தேர்தல் நேரத்தில் அவை அமலுக்கு வரவில்லை, 2025 நவம்பரில் வந்துவிட்டன. அவற்றின்படி 300 பேருக்குக் குறைவான ஆலையை மூடவும் ஆட்குறைப்பு செய்யவும் அரசின் முன் அனுமதி வேண்டாம். அதற்கு முன்பு அந்த வரம்பு 100. உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், இந்தச் சட்டம் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, என்டிசி மில்கள். பங்கஜா, ரங்கவிலாஸ், கம்போடியா, முருகன் எல்லாம் 2020 ஊரடங்கில் நின்றவை, நாலு வருடமாகியும் சக்கரம் சுற்றவில்லை. அது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கையில் இருக்கும் சொத்து. திறப்பார்களா, நிலத்தை விற்பார்களா, நின்றுபோன ஆட்களுக்கு என்ன கொடுப்பார்கள்? கோவைக்கு எம்.பி.யாகப் போகிறவர் இதற்கு ஒரு வரிப் பதிலாவது வைத்திருக்க வேண்டும். கச்சத்தீவைப் பற்றி இந்த ஊர்வலங்களில் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி நான் கேட்கவில்லை.

பணம் பற்றிப் பட்டறையில் கேட்கிறார்கள் என்றீர்கள். பெயர் வெளியே தெரியாமல் கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுத்த தேர்தல் பத்திரத்தையும் அந்த 25 கோடியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று, 2024 பிப்ரவரி 15-ல் அந்தத் திட்டமே ரத்தானது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் பத்திரம் வழியாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. பாஜக வாங்கியது ஆறாயிரம் கோடிக்கும் மேல், திமுக வாங்கியது 656 கோடி. அதில் 509 கோடி லாட்டரிக் கம்பெனி கொடுத்தது என்று திமுகவே தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி உங்கள் ஊர்க்காரருடையது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை, லாட்டரிப் பணத்துக்குத் தடையில்லை. இதைப் பட்டறையில் தாராளமாகச் சொல்லலாம்.

25 கோடி வேறு. 2019 தேர்தலுக்கு திமுக கொடுத்த செலவுக் கணக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி என்று இருந்தது. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, கட்சி செலவுக்குக் கிடையாது. கூட்டணிக் கட்சிக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே திருட்டு இல்லை. ஆனால் 'சட்டப்படி சரி' என்பது பட்டறைச் சிரிப்புக்குப் பதிலாகாது. உண்டியல் குலுக்கித் தேர்தல் நடத்துகிறோம் என்று சொல்லிப் பழகிய கட்சி பெரிய கட்சியின் காசில் நின்றால், அடுத்த வருடம் அந்தப் பெரிய கட்சியைத் திட்டும்போது குரல் கொஞ்சம் கம்மும். உங்கள் நண்பர்கள் சிரிப்பது அதைப் பார்த்துத்தான், அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை.

வயநாடு பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. கேரளத்தில் ஆட்சிக்குப் போட்டி இடதுசாரிக்கும் காங்கிரசுக்கும். அங்கே இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஆனி ராஜா நிற்காமல் ராகுலுக்கு விட்டுக்கொடுத்தால் அந்த ஊர்த் தோழர்கள் உங்களைவிட அதிகமாகக் கொதிப்பார்கள். மேற்கு வங்கத்தில் இந்த 2024 தேர்தலில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் எதிரி மாறுகிறது, அதை மறைக்காமல் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்வது? யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு இந்தப் பகுதி இல்லை. ஒரு பாகுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள். ஓட்டுப் போடுவது ஒரு நிமிட வேலை, இருப்பவர்களில் யார் வந்தால் உங்கள் வேலைக்கும் சங்கத்துக்கும் பேச இடம் கொஞ்சம் அதிகம் கிடைக்கும் என்று பார்த்து அழுத்திவிட்டு வரலாம். அதனால் அந்தக் கட்சி செய்த எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பாளி ஆகிவிட மாட்டீர்கள். ஓட்டுக் கேட்பது அப்படியில்லை. உங்கள் வாயால், உங்கள் முகத்தைக் காட்டி, தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று சொல்கிறீர்கள். மனது ஒப்பாத வார்த்தையைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கட்சி உறுப்பினராக இருந்தால் கட்டுப்பாடு என்பார்கள், நீங்கள் ஆதரவாளர். 'தோழர், என் ஓட்டை நான் பார்த்துக்கிறேன், உதயசூரியனுக்கு வீடு வீடாக வர என்னால முடியாது' என்று சொல்லுங்கள். வேலை செய்துதான் தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால் திருப்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். அங்கே கதிர் அரிவாளுக்கே ஓட்டுக் கேட்கலாம்.

'19-ந் தேதிக்கு அப்புறம்' என்று சொன்னவரை விடாதீர்கள். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, அவரிடம் கொடுங்கள். ஜூன் 4-ல் எண்ணிக்கை முடிந்ததும் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கமிட்டியிலும் தேர்தல் பரிசீலனைக் கூட்டம் நடக்கும், அது அந்தக் கட்சிகளின் பழக்கம். அந்தக் கூட்டத்தில் இது வாசிக்கப்பட்டதா, என்ன பதில் வந்தது என்று ஜூன் மாதமே கேளுங்கள். ஜெயித்தாலும் கேளுங்கள். தோற்றால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், ஜெயித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மகளை வற்புறுத்தாதீர்கள். நோட்டாவால் ஆகாதது என்ன என்று மேலே எழுதியதைப் படிக்கக் கொடுங்கள், பிறகு அவர் இஷ்டம். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரம் எல்லாம் 26-ம் எண் படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. தாத்தாவின் கொடியைவிட அதைப் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி பிரிவுப்படி ஓட்டுரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் அன்று சம்பளத்துடன் விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு. 'காலையில் போட்டுட்டு பத்து மணிக்கு வந்துடு' என்று சூப்பர்வைசர் சொன்னால் செல்லாது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்து அல்லது பெரிய நஷ்டம் என்கிற வேலைக்கு மட்டும்தான் விலக்கு, லேத் அதில் வராது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. 1996-ல் வைத்த தொகை, யாரும் உயர்த்தவில்லை. ஆனாலும் சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் துறை உதவி ஆணையருக்கு எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயரையும் அதே மனுவில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.